ஒரு மரக்கால் இழுப்பு

அன்று கடற்கரையில் இருந்தவர்கள்.

அப்பா. கையில் தூண்டில் கம்பு. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார்.

அம்மா. சவுக்குத் தோப்பின் ஓரத்தில் விறகுக்கு மிலாறு பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா. அம்மாவின் தம்பி. சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

கரைவலைக்காரர். அன்று அவருடைய வலை கடலில் இறங்கவில்லை. சும்மா வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்.

நான். பத்து வயது. இறால் கிடந்த மண்சட்டி என் பொறுப்பு.

வேறு யாரும் இல்லை. இதில் இன்று உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். நான் சொல்வதைச் சரி, தப்பு என்று சொல்ல ஆள் கிடையாது.

எனக்கு ஐம்பத்தைந்து நடக்கிறது. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். கடைமடையில் நம் காலத்தில் பிறந்தவர்களுக்கு அப்பா என்பது பாதி நாள் ஒரு சட்டை. ஆணியில் தொங்கும். ஆள் சிங்கப்பூரில் இருப்பார், இல்லாவிட்டால் துபாயில். அந்தச் சட்டையை எடுத்து மோந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

அந்த வருஷம் கார்த்திகையில் அப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தார். மூன்று வருஷம் கழித்து. வருகிறேன் என்று கடுதாசி இல்லை. நான் வாய்க்காலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். வரப்பில் யாரோ பெட்டியோடு வந்தார்கள். யார் வீட்டுக்கோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது.

வலது கை முழங்கைவரை மெலிந்திருந்தது. கப்பல் கட்டுகிற இடத்தில் சங்கிலி நழுவிக் கையில் விழுந்ததாம். எலும்பு கூடிவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மடங்கவில்லை. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே இருந்தன. அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். தை முடிவதற்குள் கை மடங்கிப் பிடி வந்தால் திரும்பி வரலாம், வேலை இருக்கும். வராவிட்டால் அத்தோடு சரி.

இதை முதல் நாள் சாப்பாட்டிலேயே அப்பா சொல்லிவிட்டார். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கை தேறினால் போவார். தேறாவிட்டால் இருப்பார்.

அப்பாவுக்குப் போகவேண்டும். மாமாவுக்கும் அவர் போகவேண்டும். போனால் தன்னையும் அழைத்துக்கொள்வார் என்று மாமா நம்பிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அவர் போகக் கூடாது. எனக்கும்.

ஆனால் அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பெண்கள் சொல்லமாட்டார்கள். சம்பாதிக்கப் போகிறவரைப் போகாதே என்று சொன்னால், பிறகு அவருக்கு ஒரு தலைவலி வந்தாலும் அந்தச் சொல்லால் வந்தது என்பார்கள்.

அப்பா கொண்டுவந்த சாமான்களில் நீளமாக ஒரு துணிப்பை இருந்தது. சேலை என்று நினைத்து அம்மா அதைத்தான் முதலில் அவிழ்த்தாள். உள்ளே இரண்டு துண்டாக ஒரு கம்பும், பச்சை நிறத்தில் ஒரு ரீலும் இருந்தன.

"என்னங்க இது?"

"தூண்டி."

"மூணு வருசம் கழிச்சு வர்ற மனுசன் கொண்டாற சாமானா இது?"

"கூட வேலை பாத்த சீனக் கெழவன் குடுத்தான். வேண்டாங்க முடியல."

மாமா கம்பை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "மச்சான், நம்ம வாய்க்கால்ல கெண்டை புடிக்க மூங்கக் குச்சி பத்தாதா? இதை வச்சு மேகத்துலதான் தூண்டி போடணும்."

"இது கடலுக்குடா. கைக்கு வேலை குடுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இதைப் புடிச்சுக்கிட்டு நின்னா வெரல் தானா மடங்கும்."

அம்மா பையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்தக் கம்பை அவள் ஒருநாளும் தாண்டிப் போகவில்லை. சுற்றித்தான் போவாள்.

அந்த ரீலைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நைலான் நரம்பைத் தங்கூசி என்போம். அது ரீலில் சுற்றியிருக்கும். இடது கையால் கைப்பிடியைச் சுற்றினால் தங்கூசி உள்ளே வரும். ரீலின் தலையில் ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் தங்கூசி அசையாது. மீன் இழுக்கிற இழுப்பு முழுக்கப் பிடித்திருக்கிற கைக்கு வரும். தளர்த்தினால் மீன் இழுக்க இழுக்கத் தங்கூசி கிர்ர்ரென்று வெளியே போகும். கைக்கு வலி தெரியாது. ரொம்ப இறுக்கினால் தங்கூசி அறும். ரொம்பத் தளர்த்தினால் மீன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவுக்குத்தான் எங்கள் வீட்டில் பாடு.

சீனக் கிழவர் வில் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்பாராம். தங்கூசி எவ்வளவு தாங்குமோ, அதில் கால் பங்கு இழுப்புக்கு ரீல் விட்டுக்கொடுக்கவேண்டும். எங்கள் தங்கூசி பத்துக் கிலோ தாங்கும். கால் பங்கு என்றால் இரண்டரை. எங்கள் தெருவிலேயே வில் தராசு கிடையாது.

அம்மாதான் சொன்னாள். "ஒரு மரக்கா நெல்லு அவ்வளவு வருமே. மில்லுல நிறுத்துப் பாத்திருக்கேன்."

குதிரிலிருந்து ஒரு மரக்கால் நெல்லைத் தலைதட்டி அளந்து ஒரு மஞ்சப்பையில் கொட்டி வாயைக் கட்டிக் கொடுத்தாள். அப்பா தங்கூசியின் முனையைப் பையில் கட்டி, கம்பைத் தூக்கினார். பை தரையை விட்டு ஒரு சாண் எழும்பவேண்டும். எழும்பி, ரீல் கிர்ரென்று முனகி, பை தானாகத் தரைக்கு இறங்கவேண்டும். அதுதான் அளவு. அதுவரை திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார். பை இறங்கியதும் சின்னப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா பாப்பா. ஒரு மரக்கா இழுப்பு."

தினமும் சாயங்காலம் இது நடந்தது. நடந்து முடிந்ததும் பையை வாசல் கொட்டகையின் மூங்கிலில் மாட்டிவிடுவார். யாரும் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை. மழை தூறும். சாரல் அடிக்கும். மார்கழி பிறந்ததும் பனி கொட்டியது.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்புதான். கோடியக்கரைக்கு வடக்கே. தெற்குப் பக்கம் கடல் சேறாகப் படுத்துக் கிடக்கும். எங்கள் பக்கம் அலை உண்டு. ராத்திரியில் வீட்டுக்குள் படுத்தால் அலைச் சத்தம் கேட்கும். ஆனால் நெல் போடுகிறவர்கள் நாங்கள். கடலுக்குப் போய் என்ன செய்வது? கால் கழுவக்கூட வாய்க்காலுக்குத்தான் போவோம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஆள் அறுக்கிற காலத்தில் அரிவாள் எடுக்காமல் கடற்கரையில் நிற்கிறான் என்று ஊரில் பேசினார்கள். கூலிக்கு ஆள் விட்டு அறுக்கப்போகிறானாம், துரை ஆகிவிட்டான் என்றார்கள். அரிவாள் பிடிக்கிற விரல் மடங்காது என்று அப்பா யாரிடமும் காட்டவில்லை. கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார்.

விடியும்போது கிளம்புவோம். கிளம்புவதற்கு முன் அம்மா அப்பாவின் கையைக் கம்போடு வைத்துக் கட்டிப் பார்ப்பாள். பழைய சேலையில் கிழித்த துணி. நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு விரலையும் கம்பின் மேல் வளைத்து, துணியைச் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்குவாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். வலிக்கிறதா என்று அவள் கேட்டதில்லை. எவ்வளவு சுற்று, முடிச்சு எங்கே என்று பார்த்துக்கொண்டு அவிழ்த்து மடித்துக் கொடுப்பாள். கடற்கரையில் நான் கட்டிவிடுவேன். அவள் கட்டிய மாதிரி எனக்கு வராது.

நான் சைக்கிள் பாரில் உட்காருவேன். என் தலைக்கு மேலே அப்பாவின் மூச்சு. தைல வாசனை. அதற்கு அடியில் இறால் வாசனை. சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தால் சைக்கிள் சத்தம் நின்றுபோகும். சருகு மெத்தை மாதிரி கிடக்கும். சக்கரம் உருள்வதே கேட்காது. அந்தத் தோப்புக்குள் போகிற நேரம் கொஞ்சம்தான். அது முடியக் கூடாது என்று இருக்கும்.

அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. "பாப்பா, இறால்" என்பார். கொடுப்பேன். "பாப்பா, தள்ளி நில்லு" என்பார். நிற்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு மீன்பிடி அவ்வளவாகத் தெரியாது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சீனக் கிழவர் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். முதல் வாரம் கம்பைச் சுழற்றி ஈயத்தை எவ்வளவு தூரம் வீசமுடியுமோ அவ்வளவு தூரம் வீசினார். கரைவலைக்காரர் தன் ஆட்களோடு வலை இழுத்துக்கொண்டிருந்தவர், கயிற்றை விட்டுவிட்டு வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். மார்பெல்லாம் நரைமுடி.

"சிங்கப்பூர்க்காரரே, கடலை ஏன் இப்படிச் சாட்டையால அடிக்கிறீங்க? அது ஒங்களை என்னா பண்ணுச்சு?"

அப்பா சிரித்துவிட்டார். "மீனு தூரத்துல இருக்குமேன்னு."

"மீனு ஒங்க கால்மாட்டுலதான் மேயுது. அந்தா ஒடையுது பாருங்க ஒரு அலை. இந்தா ஒடையுது ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாய்க்கா ஓடுது. இறா தேடி அதுலதான் வரும்."

வாய்க்கால் என்றதும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அலை ஓய்கிற நேரத்தில், கலங்கல் எங்கே கறுப்பாகத் தெரிகிறதோ அங்கே கிட்டத்தில் போட்டார். வயலில் மடை எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்கிற கண்தானே.

இன்னொன்றையும் கரைவலைக்காரர் சொன்னார். இரையைத் தட்டினால் இழுக்காதே. தட்டுவது பொடிமீன். இழுத்துக்கொண்டு ஓடினால் அப்போது தூக்கு. அப்பா அதைக் கற்றுக்கொள்ள நாளானது. தட்டிய உடனே தூக்குவார். வெறும் முள் காற்றில் வரும்.

"ஒங்க வீட்டு எருமையா அது, கயித்தை இழுத்ததும் திரும்பிப் பாக்க?" என்பார் கரைவலைக்காரர்.

மார்கழியில் சின்ன மீன்கள் வர ஆரம்பித்தன. கெளுத்தி. கிழங்கான். அம்மா கிழங்கானைக் குழம்பு வைத்தாள். மாங்காய் இல்லை, புளிதான். ருசியாகத்தான் இருந்தது. அவள் மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டாள்.

மார்கழி பாதியில் ஒரு பெரிய மீன் மாட்டியது. காலா என்றார் கரைவலைக்காரர், தங்கூசி போகிற வேகத்தைப் பார்த்தே. ரீல் ஒரு தடவை கிர்ரென்றது. பிறகு டப் என்று ஒரு சத்தம். கம்பு நிமிர்ந்துவிட்டது. தங்கூசி அறுந்து காற்றில் ஆடியது. நாலு நாள் கழித்து இன்னொன்று. அந்தத் தடவை கிர்ரென்றுகூடக் கேட்கவில்லை. டப் மட்டும்தான்.

அந்த வாரம் மஞ்சப்பையின் அடியில் முளை வந்திருந்தது. துணியைக் குத்திக்கொண்டு வெள்ளை வெள்ளையாக. அம்மாதான் பார்த்தாள்.

"சோத்து நெல்லுங்க. பாழாப் போச்சு பாருங்க."

"போனாப் போவுது. மரக்கா மரக்காதானே" என்றார் அப்பா. பையைத் தங்கூசியில் கட்டித் தூக்கினார். அது ஒரு சாண் எழும்புவதற்குள்ளேயே இறங்கியது. இறங்கியதும் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

சில மாதங்களுக்கு முன் என் பேரன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். எவனோ ஒருவன் கடற்கரையில் நின்று, ரீலின் திருகை எப்படி வைப்பது என்று தராசு மாட்டிக் காட்டினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈர நெல் கனக்கும். ஒவ்வொரு நாளும் பனி குடித்துப் பை கனத்துக்கொண்டே வந்திருக்கிறது. கனத்த பையைத் தூக்க அப்பா திருகை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். அதனால்தான் இரண்டு தடவையும் டப். ஈர நெல் எது, காய்ந்த நெல் எது என்று எங்களுக்குத் தெரியாதா? களத்தில் ஒரு கை அள்ளினால் சொல்லிவிடுவோம். ஆனால் ஒரு தடவை தலைதட்டி அளந்தது அளந்ததுதான். அளந்த நெல்லை யாரும் மறுபடி அளக்கமாட்டார்கள். அது அளந்தவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். அதை அளந்தது அம்மா.

இரண்டாவது மீன் போன அன்று அப்பா சாப்பிடும்போது சொன்னார்.

"ஒரு பெரிய காலாவை இந்தக் கையால நிறுத்திட்டேன்னா டிக்கெட் போட்டுருவேன். அதுக்கு மேல என்னா சோதனை வேணும்? நிறுத்த முடியலைன்னா, கம்பை வித்துட்டு ஒரு சோடி மாடு பாக்குறேன். இங்கயே கெடக்குறேன்."

அம்மா எழுந்து போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷம். மாடு வரும் என்று நினைத்தேன். வெள்ளை மாடா, செவலையா என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

பொங்கலுக்கு மாமா வந்தார். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிற வேலை அவருக்கு. மடியிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். புதுத் தங்கூசி. பழையதைப் போல் இரண்டு மடங்கு தடிமன்.

"மச்சான், இதுல எருமையைக் கட்டினாலும் அறாதுன்னான் கடைக்காரன். இனிமே எவன் அறுக்குறான்னு பாத்துரலாம்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னை யாருடா வாங்கிட்டு வரச் சொன்னா?"

"என்னக்கா நீ. மச்சானுக்கு ஒத்தாசை பண்ணினாக் கோவிச்சுக்கிற."

"கோவமெல்லாம் இல்ல. பண்டிகைக்கு வர்றவன் அக்காவுக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கிட்டு வருவான். நீ கயிறு வாங்கிட்டு வந்திருக்க."

"சிங்கப்பூர் போயி மூட்டையாக் கட்டி அனுப்புறேன், போதுமா?"

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரம். மாமாவும் வருகிறேன் என்றார். அம்மாவும் மிலாறு பொறுக்க வருகிறேன் என்றாள். அதுவரை அவள் வந்ததில்லை. அப்பா கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். மாமா சைக்கிளுக்குக் காற்றடித்தார். கம்பு சுவரில் சாத்தியிருந்தது. நான் உள்ளேயிருந்து இறால் சட்டியோடு வந்தேன்.

அம்மா ரீலுக்கு முன்னால் குனிந்து நின்றாள். திருகை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். ஒரு அரைச் சுற்றுத் திருப்பினாள். நின்றாள். மறுபடி ஒரு அரைச் சுற்று. தங்கூசியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். அது கிர் என்ற சத்தம்கூட இல்லாமல் வந்தது. வந்ததைச் சுற்றி உள்ளே விட்டாள்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். சட்டியை என் கையிலிருந்து வாங்கி, அதன் மேல் ஒரு ஈரத்துணியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திருகு இறுகினால் பிடி. தளர்ந்தால் பிடி இல்லை. பிடி இல்லாவிட்டால் மீன் போய்விடும். மீன் போய்விட்டால் அவர் இருப்பார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆக, கடற்கரையில் நாங்கள் நால்வரும், கரைவலைக்காரரும். ராத்திரி மழை பெய்து தண்ணீர் செங்கலங்கலாக இருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. அன்று அம்மாவே அப்பாவின் கையைக் கம்போடு கட்டினாள். கட்டிவிட்டு மிலாறு பொறுக்கப் போனாள். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று, உடைகிற இரண்டு அலைகளுக்கு நடுவே இறாலைப் போட்டார்.

தட்டியது. அப்பா அசையவில்லை. மறுபடி தட்டியது. அசையவில்லை. பிறகு தங்கூசி தெற்கே நகர ஆரம்பித்தது. அப்பா கம்பைத் தூக்கினார்.

ரீல் கத்தியது. நிறுத்தவே இல்லை. கிர்ர்ரென்று ஒரே மூச்சாக.

"என்னடா இது, நிக்கவே மாட்டேங்குது!" அப்பாவின் இடது கை திருகுக்குப் போனது.

கரைவலைக்காரர் எழுந்து ஓடிவந்தார். "தொடாதீங்க! திருகைத் தொடாதீங்க! அது போவட்டும். நீங்க கூட நடங்க!"

"மச்சான், இறுக்குங்க! நரம்பு தீந்துரும்!" என்று மாமா கத்தினார்.

"தேங்கா உரிக்கிறவன் வாயை மூடு! நடங்க, நடங்க!"

அப்பா தண்ணீரோரமாக நடந்தார். பிறகு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். அம்மா கட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். ரீலில் தங்கூசி குறைந்து, அடியில் உருளையின் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. அம்மா அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மனசுக்குள் போ, போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மீனைத்தான்.

கத்தல் நின்றது.

மீன் களைத்துவிட்டது. இழுத்து ஓட ஒரு தடையும் இல்லாமல் தன் பாட்டுக்கு ஓடி, தன்னாலேயே ஓய்ந்துபோனது. அப்பா இடது உள்ளங்கையை ரீல் உருளையின் மேல் அழுத்திக்கொண்டு பின்னால் நடந்தார். அலை வரும்போது நடப்பார். அலை திரும்பும்போது நிற்பார். மறுபடி சுற்றிக்கொள்வார். கரைவலைக்காரர் பக்கத்தில் நின்று, "வருது, வருது, அவசரப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பெரிய அலை மீனைத் தூக்கிவந்து மணலில் போட்டது. மாமா பாய்ந்து செவுளில் கை விட்டு இழுத்தார்.

காலா. என் நெஞ்சு உயரம் இருந்தது. வெள்ளிமேல் மஞ்சள் தடவின மாதிரி. தாடியில் நூல் நூலாக மீசை. வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மாமா அதைச் சுற்றிக் குதித்தார். அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா முன்னால் குந்தி அவர் கையின் துணியை அவிழ்த்தாள். இரண்டு விரலும் கம்பில் கட்டியிருந்தபடியே வளைந்து நின்றன. அப்பா கையைத் தூக்கி அம்மாவுக்குக் காட்டினார்.

"பாத்தியா புள்ள. கை நின்னுச்சு பாத்தியா!"

கரைவலைக்காரர் ரீலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத் தளத்தி வச்சிருந்தீங்க. அதான் வந்துச்சு. இறுக்கியிருந்தா இந்தத் தடி நரம்புக்குக் கட்டு அவுந்து கம்பு கையை விட்டே போயிருக்கும், இல்ல முள்ளு நிமுந்திருக்கும்."

"நான் தளத்தலியே. நேத்து மரக்கா வச்சுத்தானே பாத்தேன்" என்றார் அப்பா. திருகைச் சுற்றிப் பார்த்தார். "பனியில கழண்டிருக்கும்."

அப்போது அம்மா சொல்லியிருக்கலாம். நான்தான் தளர்த்தினேன், உங்கள் கைக்கு இழுப்பே வரவில்லை, நிறுத்தியது கை இல்லை என்று. சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவர் அப்படி இருந்து நாங்கள் பார்த்ததில்லை. அந்தக் கையை ஊருக்கு மறைத்த ஆள், அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. "நின்னுச்சு."

அப்பா எழுந்து மீனைப் பார்க்கப் போனார். அவர் போகும்போது பின்னாலிருந்து பார்த்தேன். வளைந்திருந்த இரண்டு விரலும் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தன.

மீனில் பாதியைக் கரைவலைக்காரருக்குக் கொடுத்தோம். மீதியைத் தெருவே சாப்பிட்டது. தை கடைசியில் அப்பா போனார்.

மாமாவை அவர் அழைத்துக்கொள்ளவில்லை. முடியவில்லை. அங்கே போன பத்தாம் நாளே கை தெரிந்துவிட்டதாம். கேட்டில் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். சம்பளம் பாதி. கை நின்றது என்று சொல்லிவிட்டு வந்தவர் எந்த முகத்தோடு திரும்புவார்? இதையெல்லாம் ரொம்பப் பின்னால் படுக்கையில் கிடக்கும்போது சொன்னார். அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். திருகைப் பற்றி அப்போதும் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கம்பு கூரையில் செருகிக் கிடந்தது. ஒரு புயலில் கூரையோடு போய்விட்டது. ரீலை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. எங்காவது ஒரு பச்சைச் சாமான் மண்ணில் கிடந்தால் இன்றும் காலால் தள்ளிப் பார்க்கிறேன். கிர்ரென்று ஒரு பழைய தையல் மிஷின் ஓடினால் திரும்பிப் பார்க்கிறேன்.

அவர் போன பிறகு வந்தது நான்கு தடவை. முதல் தடவை இரண்டு மாதம் இருந்தார். அடுத்தது ஒன்றரை. என் கல்யாணத்துக்கு வந்தது ஒரு மாதம். கடைசியில் உடம்பு முடியாமல் வந்து படுத்தது நான்கு.

கூட்டினால் எட்டரை மாதம்.